பிரிஞ்ச ஜோடிக்கு மைக் மாட்டினவள்

ஒலிப்பதிவு வேலைங்கிறது காதால செய்யிற வேலைன்னு நெனைப்பீங்க. இல்லவே இல்ல, வாயை மூடிக்கிட்டுச் செய்யிற வேலை.

கண்டி பஸ்ல பின் சீட்டுப் புருஷன் பொஞ்சாதி சண்டை முழுசா காதுல விழ, ஒண்ணுமே கேக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டவரா நீங்க? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான். உங்களுக்கு அது எப்பவாவது. எனக்கு அதுதான் பொழப்பு.

கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் பிடிச்சுக்கிட்டிருந்த என்னை, போன வருசம் ரிஸ்வான் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார். அலவத்துகொடக்காரர், அவர் டைரக்ட் பண்ற மொத படம் அது. பிரிஞ்சு போக முடிவெடுத்த ஒரு இளஞ்சோடி, மேல்வீட்டுல இருந்து ஒரு அலுமாரியைக் கீழ எறக்க முடியாம மூணு நாள் ஒண்ணாவே மாட்டிக்கிட்டு முழிக்கிற கதை. நடிச்சது மடுல்கெல்ல கவிதாவும் யாழ்ப்பாணத்து நிரோஷனும். நெசத்துலயும் காதலர்கள். அது ரொம்ப வசதின்னு ரிஸ்வான் நெனச்சார். ஷூட்டிங் தொடங்குற அன்னைக்குக் காலையில ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க! வீடு எங்களுக்கு அஞ்சே நாளைக்குத்தான். அதுக்குள்ள முடியலேன்னா படம் கெடையாது. "வாப்பாட ஹாட்வெயார் கடையில ஆணி நிறுக்கத்தான் போகணும்"னு ரிஸ்வானே சொன்னார்.

சட்டைக்குள்ள இருந்த மைக்

மொத நாள் தேத்தண்ணி நேரம். உடுப்புக்குள்ள மாட்டின மைக்கோடயே ரெண்டு பேரும் வீட்டுப் பின்பக்கம் போயிட்டாங்க. என் ஹெட்போன்ல சண்டை கொதிக்குது. "நீர் என்னை ஒரு நாளாவது விளங்கிக்கொண்டனீரோ?"ன்னு நிரோஷன். "வெளங்கினதாலதான் போறேன்"னு கவிதா. சத்தியமா சொல்றேன், நான் சத்தத்தைக் குறைச்சிருக்கலாம். குறைக்கல. "என்னவாம்?"னு ரிஸ்வான் கிட்ட வந்தார். "தேத்தண்ணியில சீனி கூடவாம்"னேன்.

கவிதா திரும்பி வந்து மைக்கைக் கழட்டினா. மைக் ஓடுதுன்னு காட்டுற சிவப்பு லைட் பளிச்சுன்னு எரியுது. "பெட்டரி செத்துப் போச்சும்மா, ஒண்ணும் கேக்கல"ன்னு நான் முந்திக்கிட்டேன். அவ லைட்டையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டுச் சொன்னா: "பொய் சொல்ல ஒங்களுக்குச் சுத்தமா வரல அக்கா. இருந்தாலும் தேங்ஸ்."

சொன்ன பேச்சுக் கேக்காத அலுமாரி

கதைப்படி அலுமாரி படி வளைவுல சிக்கணும். திகன சலீம் நானா தன் கடையில இருந்து இரவல் குடுத்த அலுமாரியோ, சனியன், அது பாட்டுக்கு வழுக்கிக்கிட்டு எறங்குது! வேற வழியில்லாம ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு, சிக்கின மாதிரி நடிச்சாங்க. அப்படி நடிக்கிறப்பதான் கவிதாவுக்கு நெசமாவே அழுகை வந்துடுச்சு. அதைப் பாத்து நிரோஷனுக்கும் வந்துடுச்சு. ரிஸ்வான் கட் சொல்லல, அழட்டும்னு விட்டுட்டார். எனக்கு அவர் மேல அப்படி ஒரு கோவம். ஆனா அதே நேரம் அழுகை சுத்தமா பதிவாகுதான்னும் பாத்துக்கிட்டேன். நானும் லேசுப்பட்டவ இல்ல.

அலுமாரிக்குக் காவலா நின்ன சலீம் நானாவுக்குத்தான் பொறுக்கல. நடு டேக்ல குரல் குடுத்தார்: "மகன், ரெண்டு பேர் புடிச்சா ரெண்டு நிமிசத்துல எறக்கலாம். இதுகள் என்னத்துக்கு அழுவுது?"

மைக் இல்லாத பேச்சு

நாலாம் நாள் கவிதா வரல. பத்து மணிபோல ஒரு மெசேஜ்: மடுல்கெல்ல வீட்டுக்கே போயிட்டா, இனி நடிக்க வரமாட்டா. கடைசி சீன் ஒண்ணுதான் பாக்கி. ரிஸ்வான் தலையைப் புடிச்சுக்கிட்டுப் படியில உக்காந்துட்டார்.

நிரோஷனைத் தனியா கூப்பிட்டேன். "தம்பி, மூணு நாளா நீங்க ரெண்டு பேரும் எங்க எல்லார் முன்னாலயும்தான் சண்டை போடுறீங்க. யாரும் கேக்காத எடத்துல ஒரு தடவை ஒழுங்கா பேசிட்டு வாங்க. படத்துக்காக இல்ல"ன்னேன். அவர் மைக்கைக் கழட்டி என் கையில வச்சிட்டு மடுல்கெல்ல பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டார். அங்க என்ன பேசினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில, அதுதான் கடைசி நாள், ஒரே த்ரீவீலர்ல இருந்து ரெண்டு பேரும் எறங்குறாங்க! எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. ஓடிப்போய், "சேந்துட்டீங்களா?"ன்னு கேட்டேன். கவிதா சிரிச்சா. "முழுசா பிரிஞ்சாச்சு அக்கா. இனி நடிக்கலாம்."

பன்னெண்டாவது டேக்

கடைசி சீன்ல கதாநாயகி, "இனி நிம்மதியா இருப்பியா?"ன்னு கேக்கணும். கதாநாயகன் மலையகத்துப் பொடியன். அவன் "ஆமா"ன்னு சொல்லணும், அம்புட்டுத்தான். பாழாப்போன நிரோஷன் வாயில அதுக்கு யாழ்ப்பாணத்து "ஓம்"தான் வருது! ரெண்டு தடவை எப்படியோ "ஆமா"ன்னு சொன்னார். பாடம் ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு. வெளிச்சம் போயிக்கிட்டிருக்கு. வீட்டுக்காரம்மா வேற சாவி வாங்க கேட்டுல வந்து நின்னுட்டாங்க.

பன்னெண்டாவது டேக். கவிதா கேட்டா. நிரோஷன் அவளை நேராப் பாத்து, மெதுவா, "ஓம்"னார். நாலு நாளா நான் கேட்ட குரலே இல்ல அது, அவ்வளவு நிம்மதி. ரிஸ்வான் தலையில அடிச்சுக்கிட்டு, "இன்னொரு தரம்"னார். ஆனா படத்துல இன்னைக்கு இருக்கிறது அந்த டேக்தான். கதாநாயகனோட ஊரைத்தான் யாழ்ப்பாணமா மாத்தினோம். காரணம், கவிதா எடத்தை விட்டு அசையாம நின்னு சொன்னது: "வேணாம் ரிஸ்வான் அண்ணே. அவர் 'ஆமா'ன்னா நடிக்கிறார். 'ஓம்'னாத்தான் நெசமாச் சொல்றார்."

ஊர்ல எல்லாரும் தாங்க சேத்து வச்ச ஜோடியைச் சொல்லிப் பெருமைப்படுவாங்க. எனக்கு வாய்ச்சது, ஒரு ஜோடி நல்லபடியா பிரிஞ்சதைக் கொஞ்சம்கூட இரைச்சல் இல்லாம பதிவு பண்ணின பெருமை.