பூஜ்யத்துக்குக் கீழே நாலு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த சாதாரண வேலை, ஐஸ் உடைத்தது. அவர் கட்டிகளைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வார், நான் சுத்தியலால் தட்டுவேன். நொறுங்கிய ஐஸை டம்ளரில் நிரப்பி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரை உள்ளே நிறுத்துவோம். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் இந்தச் சோதனை நடக்கும். இருபது வருடமாக முள் பூஜ்யத்தில்தான் நின்றது.

அன்று பூஜ்யத்தைத் தாண்டி, கீழே நாலில் நின்றது.

அப்பா கலக்கிவிட்டுப் பார்த்தார். நாலுதான்.

"எங்கயாவது கீழ போட்டியாம்மா?"

"இல்லப்பா."

போட்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு, எங்கள் அலுவலகச் சாப்பாட்டறை ஃப்ரிட்ஜைப் பார்க்க இரவல் வாங்கிப் போனபோது படியில் நழுவ விட்டேன். கண்ணாடி உடையவில்லை. துடைத்து உறைக்குள் போட்டு அவர் பையில் வைத்துவிட்டேன். நான் மருந்துத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். அங்கே ஒரு கருவி கீழே விழுந்தால் அந்த நிமிடமே சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரம் கட்ட வேண்டும். விழுந்ததை மறைத்தால் வேலை போகும்.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தெருவில் ஐஸ்காரர் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அந்த மூன்று வாரத்தில் அவர் ஏழு ஃப்ரிட்ஜ்களை அந்தத் தெர்மாமீட்டரை நம்பி நாலு டிகிரியில் வைத்திருந்தார். நாலு என்று அவர் நினைத்தது உண்மையில் எட்டு. எட்டில் மீனும் பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், உள்ளுக்குள் கெட ஆரம்பித்திருக்கும். கடைக்காரர்கள் தாங்களே திருத்திக்கொள்ளவும் வழியில்லை. சமையல் ஆட்கள் கண்டபடி திருப்பாமல் இருக்க, குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மேல் தகடு வைத்துத் திருகி மூடுவது அப்பாவின் வழக்கம்.

அன்று மத்தியானமே ஆறு உணவகங்களுக்கும் போன் செய்தார். "என் மேலதான் தப்பு. நான் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் ஐஸ்ல வைங்க." பிறகு ஒரு தாளில் ஏழு வரி எழுதினார், ஏழாவது எது என்று நான் கேட்கவில்லை. புதுத் தெர்மாமீட்டர் வாங்கினார். பழையதன் முள்ளைத் திருகித் திருத்தலாமே என்றேன்.

"ஒரு தடவ பொய் சொன்னது திருப்பியும் சொல்லும்" என்றார்.

திங்கள் மாலை மீன் கடையில் தொடங்கினோம். இதயச் சிகிச்சைக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டக் கூடாது, நான்தான் ஓட்டினேன். குமிழைத் திருப்பிய பிறகு ஃப்ரிட்ஜ் குளிர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை என்ன செய்வது? கடைக்கார அக்கா எங்களை மேசையில் உட்கார வைத்துவிட்டார்.

எனக்கு நினைவு தெரிந்து அப்பா வெளியே சாப்பிட்டதில்லை. "எல்லாக் கடையோட முதுகையும் பாத்தவன்மா நான்" என்பார். அன்று அவர் முன்னால் ஒரு முழு மீன், மிளகும் உப்பும் தடவி வறுத்தது, தட்டுக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டு கிடந்தது.

"சாப்பிடுங்கண்ணே. இன்னிக்குக் காலைல வந்தது. உங்க ஃப்ரிட்ஜுக்குள்ள போகவே இல்ல, பயப்படாதீங்க" என்றார் அக்கா.

அப்பா வெடித்துச் சிரித்தார். முள்ளெடுத்து முதல் துண்டை என் தட்டில் வைத்தார். கை நடுங்கியதில் பாதி மேசையில் விழுந்தது. அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். ஏழேகாலுக்கு ஃப்ரிட்ஜ் நாலுக்கு வந்தது. தாளில் எழுதினார்.

செவ்வாய் சூப் கடை. புதன் நூடுல்ஸ் கடை. அங்கே சமையல்காரர் நூடுல்ஸைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதை அப்பா வாய் பிளந்து பார்த்தார். "இத்தன வருஷம் இந்தாளு முதுகுக்குப் பின்னாடி உக்காந்து கம்ப்ரஸரப் பாத்துட்டு இருந்திருக்கேன்" என்றார். நல்ல சாப்பாடுதான். எனக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். சாப்பாடு வந்துவிடும், அல்லது வந்துவிட்டது என்று நானே சாக்குச் சொல்லிக்கொள்வேன்.

வியாழக்கிழமை போனது முட்டைச் சாதக் கடை. நாலு மேசை உள்ள சின்ன இடம், புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். தட்டு வந்த பிறகு கடைக்காரர் எதிரில் உட்கார்ந்தார்.

"போன வாரம் ரெண்டு பேரு வயித்து வலின்னாங்க. ஒருத்தர ஒரு நாள் ஆஸ்பத்திரில வெச்சுப் பாத்தாங்க. நாங்க எண்ணெய்னு நெனச்சோம்."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு. நேத்துகூட வந்து சாப்பிட்டாரு. விடுங்க, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொன்னதுதான் சரி" என்றார் அப்பா. அதன் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"தெர்மாமீட்டர் விளிம்புல வெள்ளையா ஒரு கீறல் இருக்கு, பாத்தியா? விழுந்திருக்கு. நான்தான் எங்கயோ போட்டிருக்கேன்."

"அப்பா..."

"கை நடுங்குது, போட்டது பெரிசில்லம்மா. போட்டது ஞாபகமே இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரல. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது." முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "இந்த வாரத்தோட முடிச்சுக்கறேன். ஞாபகம் போனவன் மத்தவங்க சாப்பாட்டுல கை வெக்கக் கூடாது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரரின் மனைவி வந்து, "என்ன, ரெண்டு பேரும் சாப்பாட்ட அப்படியே வெச்சிட்டீங்க?" என்று கேட்டார். நான் போய் உட்கார்ந்து, ஆறிப்போன இரண்டு தட்டையும் காலி செய்தேன். அது எவ்வளவு பெரிய கோழைத்தனம் என்று வாய் நிறைய மென்றுகொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்தது.

வெள்ளியும் சனியும் மிச்ச இரண்டு கடைகள். சனிக்கிழமை போன பேக்கரியில் அப்பா வேறொரு மெக்கானிக்கின் நம்பரை எழுதிக் கொடுத்தார். பேக்கரிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை.

"ஐஸ்காரரே, நீங்க ரிட்டயர் ஆனா என் வெண்ணெய் உருகி அழும்."

"அழட்டும். நான் போய்த் துடைக்க முடியாது."

இருவரும் சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பு கண்வரை வரவில்லை. வண்டியில் வரும்போது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒண்ணுதான் பாக்கி. காலைல பாத்துட்டு நம்ம வீட்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிடலாம். ஊர்ச் சாப்பாடு போதும்பா" என்றார். நான் முடிவு செய்தேன்: முட்டை வேகும்போது சொல்லிவிடுவது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பல் விளக்கப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. கதவைத் தட்டினேன். இதயம்தான் என்றார் டாக்டர், வலி தெரிந்திருக்காது என்றார். அதை அவர் எப்படி அளந்தார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு வீடு நிறையச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாதம், குழம்பு, பால் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். மீன் கடை அக்கா பெரிய பாத்திரத்தில் வறுவல் அனுப்பினார். அத்தை, அப்பாவின் தங்கை, எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் அடுக்கினார். என்னை உட்கார வைத்து வேளாவேளைக்குக் கரண்டியால் பரிமாறினார். நான் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

புதன் காலை அத்தை பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். பால் திரிந்தது.

"ஊரு ஃப்ரிட்ஜெல்லாம் பாத்தவன் வீட்டுல பால் திரியுது பாரு" என்று சொல்லி அழுதார். அண்ணனைத் திட்டுவதும் அழுவதும் அத்தைக்கு ஒரே வேலை.

அலமாரியில் இருந்த சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். ஆறு வரிகளுக்கும் எதிரே நாலு, நேரம், கையெழுத்து. வெள்ளிக்கும் சனிக்கும் கையெழுத்து கோணலாக இருந்தது. ஏழாவது வரி: வீடு. எதிரே ஒன்றுமில்லை. ஏழாவது ஏதோ கடை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜையும் அந்த மூன்று வாரத்துக்குள்தான் பார்த்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை.

ஆறு கடைகளுக்கும் போன் செய்தேன். முதலில் முட்டைச் சாதக் கடைக்கு.

"அப்பா கீழ போடலங்க. நான்தான் போட்டேன். அவருக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

கடைக்காரர் கேட்டார்: "அவருகிட்ட சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

"சரி" என்றார். எது சரி என்று அவருக்கும் தெரிந்திருக்காது. மற்ற ஐவரிடமும் அதையே அதே வரிசையில் சொன்னேன். மீன் கடை அக்கா மட்டும் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

பிறகு ஐஸை நானே துண்டில் சுற்றி, நானே பிடித்துக்கொண்டு, நானே தட்டினேன். ஒரு கட்டி தெறித்து அடுப்புக்கு அடியில் ஓடியது. புதுத் தெர்மாமீட்டர் பூஜ்யம் காட்டியது. அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். எட்டரை. அப்பாவின் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அதன் பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. தகட்டின் நாலு திருகும் அவர் முடுக்கியவை, இறுக்கமாக, ஒரே அளவில்.

அத்தை புதுப் பாலோடு வந்து பின்னால் நின்றார். "இத எங்கம்மா வைக்க?"

"வெளியவே இருக்கட்டும் அத்த. அப்பா இன்னும் இந்த ஃப்ரிட்ஜப் பாக்கல."