தாணம்மாளின் பழனி மொட்டை

வலியசாலையில் ரவிக்கை தைக்கும் தாணம்மாள் பொய்யைக்கூட அளவெடுத்துத்தான் சொல்வாள். கீமோவில் முடி கொட்டத் தொடங்கியதும் மிச்சத்தை வழித்துவிட்டு, "பழனியில மொட்டை போட்டாச்சு" என்று தெருவுக்கு அறிவித்தாள். புற்றுநோய் என்று தெரிந்தால் ஒருத்தியும் தைக்கத் துணி தரமாட்டாள், ஆறுதல்தான் தருவாள் என்று அவளுக்கு எரிச்சல்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். பழனிக்குப் போனவள் பஞ்சாமிர்தம் தரவேண்டாமா? மறுநாளே நாலு பேர் வந்து கேட்டார்கள். கணவரைப் பழவங்காடிக் கடைத்தெருவுக்கு விரட்டி வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வாங்கிவரச் செய்து, வெல்லம் போட்டுத் தானே பிசைந்து, வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் கொடுத்தாள். தெரு பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றது.

எதிர்வீட்டு முத்தாரம்மாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறுங்கிண்ணமாகத் தரக்கூடாதே, அதற்குள் ஒரு கண்மை டப்பா இருந்தது.

"ஏட்டி தாணு, முருகன் தலைமுடிதானே கேப்பான்? புருவத்தையும் எதுக்குக் குடுத்தே?"

தாணம்மாளின் கை முடியில்லாத புருவ மேட்டைத் தடவியது. முத்தாரம்மாள் அவள் முகத்தை நிமிர்த்திப் புருவம் வரைய ஆரம்பித்தாள்.

"அடுத்த பழனி என்னைக்கு?"

"வியாழக்கிழமை. பத்து மணிக்கு டோக்கன்."

"நானும் வாறேன். ஆனா பஞ்சாமிர்தம் இனி நான்தான் பிசைவேன். உனக்கு அந்தக் கைப்பக்குவம் கிடையாது."