மூன்றாவது சாவி

பூட்டு ரிப்பேர்க்காரரின் மகளுக்குப் பள்ளியில் திருகாணி என்று பட்டப்பெயர். ஆள் பொடிசு, பிடிவாதம் மட்டும் மலையளவு. ஐந்தாம் வகுப்புவரை அவளும் பேக்கரிக்காரர் மகள் பன்னுவும் ஒரே பெஞ்சு, ஒரே குடை. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் சேர்ந்த முதல் நாளே இருவரையும் பிரித்துவிட்டார்கள். இவள் ஏ பிரிவு, அவள் பி பிரிவு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பள்ளியில் பாடத்துக்குப் பாடம் அறை மாற வேண்டும். அதனால் வராந்தாவில் இரண்டு பேருக்கு ஒரு லாக்கர், ஆளுக்கொரு சாவி. பன்னுவுக்கு வாய்த்த ஜோடி பல் டாக்டர் மகள். அவ்வளவுதான், திருகாணிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. இடைவேளைக்கு இடைவேளை அந்த இரண்டும் லாக்கர் கதவுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு பச்சை நோட்டில் எதையோ எழுதும், சிரிக்கும். இவள் கிட்டே போனால் நோட்டு டக்கென்று உள்ளே போய்விடும். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "சும்மாடி" என்பாள் பன்னு. ஐந்து வருஷம் ஒரே குடையில் நனைந்தவளிடம் சொல்கிற பதிலா இது?

தன்னைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று திருகாணி முடிவே கட்டிவிட்டாள். தன் குள்ளத்தை, தன் கணக்கு மார்க்கை, அப்பாவின் கிரீஸ் படிந்த சட்டையை. 

இரு பிரிவுக்கும் சேர்ந்து நடக்கும் விளையாட்டு வகுப்பில் பன்னு தன் சாவியை இவளிடம்தான் கொடுத்து வைப்பாள். ஓடும்போது குத்துகிறதாம். அந்தச் சாவியைத் திருகாணி சோப்புத் துண்டில் அழுத்தி அச்செடுத்தாள். அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்த கை அல்லவா? வெட்டாத புதுச் சாவித் தகடு எடுத்தால் அப்பாவிடம் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, கழிவு டப்பாவிலிருந்து மெலிந்துபோன பழைய சாவி ஒன்றைப் பொறுக்கி, இரண்டு நாள் அரத்தால் ராவினாள்.

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் லாக்கர் திறந்தது. பச்சை நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அறிவியல் சாரின் கிறீச்சிடும் செருப்பு. ஆபீஸ் கிளார்க்கின் வழுக்கைக்கு ஒரு பக்கம். பல் டாக்டர் வீட்டு நாய் போட்ட குட்டிகளுக்கு மூன்று பக்கம், படத்தோடு. திருகாணியைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியிலிருந்து மறுபடி புரட்டினாள். இல்லவே இல்லை. கேலியாகக்கூட இல்லை. அந்த வழுக்கைக்குக் கிடைத்த இடம்கூட இவளுக்கு இல்லை.

ஆத்திரத்தில் நோட்டை உள்ளே எறிந்து, கதவை அறைந்து சாவியை முறுக்கினாள். பாதி கையிலும் பாதி பூட்டிலுமாக அது முறிந்தது.

பன்னுவின் சாவி பூட்டில் நுழையவில்லை என்று ஆபீஸிலிருந்து பூட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்பினார்கள். வேறு யார் வருவார்? பள்ளி விடும் நேரத்துக்கு அப்பாவே கருவிப்பெட்டியோடு வந்து நின்றார். முறிந்த துண்டை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரம் ராவிய கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டில் இடது கைக்காரி ஒருத்திதான். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று கிளார்க்கிடம் சொன்னார். பன்னு ஓடிவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அப்பா இல்லன்னா எங்க நோட்டு உள்ளேயே மாட்டியிருக்கும்டி."

எங்க நோட்டாம்.

தெருமுனை வரைக்கும் அப்பா அவளைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். அங்கே சைக்கிளை நிறுத்தினார்.

"அதுலேருந்து என்ன எடுத்த?"

"ஒண்ணும் எடுக்கலப்பா."

"பின்ன எதுக்குத் திறந்த?"

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்க."

"என்ன எழுதியிருந்தாங்க?"

"ஒண்ணுமே எழுதலப்பா" என்றவள், தெருவென்றும் பாராமல் ஓவென்று அழுதாள்.

திட்டுவதற்கென்றே சைக்கிளை நிறுத்திய மனிதர், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே, கிரீஸ் படிந்த சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.