தம்பி படுத்திருக்கும் மலை: பாளையங்கோட்டையிலிருந்து முண்டந்துறைக்கு

1912ஆம் வருஷம் தை மாதம் பாபநாசம் மலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல, என் தம்பி தேவசகாயத்தின் கல்லறையைப் பார்க்க. அவனுக்கு இருபத்திரண்டு வயது. வேட்டைக்கு வந்த ஒரு துரையின் இங்கிலீஷை ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் துபாசியாக மார்கழியில் போனான். புலி அடித்துவிட்டது, அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று கடிதம்தான் வந்தது.

"ஒரு தடவ போயி அவன் படுத்திருக்க எடத்தப் பாத்துட்டு வாலே" என்றாள் அம்மா. பாளையங்கோட்டையில் நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக வழியையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் காலை ஏழு மணிக்குச் செங்கோட்டை ரயில். அம்பாசமுத்திரம் இருபத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்புச் சீட்டு ஐந்தணா. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் ஆறு மைல், மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம். வண்டிக்காரர் சுடலை பன்னிரண்டணா கேட்டார். பேரம் பேசவில்லை.

வழியில் ஒரு கல். அதில் ஈட்டியோடு ஒருவனையும் எதிரே காட்டுப்பன்றியையும் செதுக்கியிருந்தார்கள். யாரென்று சுடலையிடம் கேட்டேன்.

"பன்னி குத்திச் செத்தவரு அய்யா. எந்தக் காலமோ! அப்பல்லாம் பன்னி வயல அழிச்சா ஊரே வலையும் ஈட்டியுமாக் கெளம்புமாம். பொறவு ஜமீன்காரங்க துப்பாக்கி கொண்டாந்தாவ. இப்ப தொரைமாரு வாராவ. நாம ஒரு மொயலப் பிடிச்சாக்கூட காட்டுக் காவக்காரன் கட்டிக் கொண்டுபோயிருதான்."

அன்று சத்திரத்தில் தங்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு காணிக்காரர் என்கிற மலைச்சாதியைச் சேர்ந்த மல்லன் வழிகாட்ட வந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும். நான் யாருடைய அண்ணன் என்று சொன்னதும் தரையைப் பார்த்தார். பிறகு என் மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

முண்டந்துறைக்கு ஏழு மைல் ஏற்றம். பாதி வழியில் சருகு மூடிய பெரிய குழி ஒன்றைக் காட்டினார். "புலிக்குழி. எங்க பாட்டன் வெட்டுனது. திங்கக் கொன்னாவ, உசிரு பொழைக்கக் கொன்னாவ. தோலுக்குன்னு கொல்லுதத இப்பத்தான் பாக்கேன்."

ஓடைக்கரையில் ஒரு மேடு. விலங்கு தோண்டாதபடி உருண்டைக் கற்களை நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். மண்டியிட்டு ஜெபம் செய்தேன். எழுந்தபோது மல்லன் அழுதுகொண்டிருந்தார்.

"ஒங்க தம்பிய அடிச்சது புலி இல்லய்யா."

அன்று மல்லனும் சேர்த்து இருபது பேர் தகரம் தட்டிப் புலியைக் கலைத்து வந்திருக்கிறார்கள். மல்லன் பள்ளத்தில் சறுக்கி, மற்றவர்களுக்கு முன்னால், துப்பாக்கிக்கு நேராகப் புதருக்குள் விழுந்துவிட்டார். புதர் அசைந்தது. பரண்மேல் துரை குறி வைத்தார். பக்கத்திலிருந்த தம்பிக்கு மல்லனின் தலைப்பாகை தெரிந்திருக்கிறது. ஆள், ஆள் என்று இரண்டு பாஷையிலும் கத்தினான். சத்தம் போடாதே என்று துரை அதட்டினார். தம்பி பரணிலிருந்து குதித்துப் புதரைப் பார்த்து ஓடினான். குண்டு அவன் முதுகில் பாய்ந்தது.

"தொரையும் தலயில கை வச்சு உக்காந்துட்டாரு. பொறவு அவரு ஆளுவதான் புலின்னு சொல்லச் சொன்னாவ. நீங்க சொன்னா கோர்ட்டு கச்சேரிக்கு வந்து உள்ளதச் சொல்லுதேன்."

"சொன்னா உங்கள என்ன செய்வாவ?"

"காட்ட விட்டு எறக்கிருவாவ. பதினோரு குடி இருக்கோம். ஆனாலும் வருதேன்."

அந்தக் கற்களின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். துரையைச் சும்மா விடக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே அந்தக் குடிசைகளிலிருந்து ஒருத்தி தன் பிள்ளையைக் கூப்பிடும் குரல் கேட்டது. "வர வேண்டாம்" என்று மல்லனிடம் சொன்னேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவள் அந்தப் புலியைத் தினமும் சபித்துக்கொண்டிருந்தாள். இனி யாரைச் சபிப்பதென்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம பிள்ள காப்பாத்துன அந்த மனுசன் நல்லா இருக்கானா?"

"இருக்காரு."

"பிள்ள குட்டி உண்டா?"

"ரெண்டு."

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். தம்பி போன பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஏழு வருஷம் ஆகிறது. துரை கப்பலேறிப் போய்விட்டார், அதனால் எழுதுகிறேன். மல்லனின் உண்மைப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மலைக்குப் போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். மழைக்காலத்தில் ஓடைகளைத் தாண்ட முடியாது. அரிசி, உப்பு கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைக்கடிக்குப் புகையிலைத் தண்ணீர் நல்லது. துப்பாக்கியோடு போகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். புதர் அசைந்தால் பொறுங்கள். ஆள் என்று யாராவது கத்தினால், எந்தப் பாஷையில் கத்தினாலும், துப்பாக்கியைத் தாழ்த்துங்கள். ஒரு மூச்சு விடும் நேரந்தான் ஆகும்.