கறுப்புப் பாறைத் தீவில் நானும் என் நாத்தனாரும்

நான்கைந்து வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதக் கடைசியில், அபுதாபிக்கு மேற்கே நடுக்கடலில் கிடக்கும் ஒரு குட்டித் தீவில் நடந்தது இது.

நான் அஜ்மானில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். கல்யாணமான அடுத்த வருடம் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. நான் முதலில் வந்தேன். கொஞ்ச நாள் கழித்து, ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மொபைல் கடையை மூடிவிட்டு என் கணவர் வந்து சேர்ந்தார். தம்பியை நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று அவருடைய அக்காவுக்கு என்மேல் தீராத கோபம். அப்படித்தான் நான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

அந்த அக்கா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். எங்கள் ஊரில் கணவரின் அக்காவை மதினி என்போம். மதினி முதல்முறையாக விசிட் விசாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். அது மரியாதை இல்லை, தூரம் என்பது எனக்குத் தெரியும். நான் சமைத்தால் "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை. டூட்டி முடிந்து வந்தால் "வந்துட்டீங்களா" என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. நடுவில் என் கணவர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் கணவரின் நண்பர் ஒருவர், தான் பதிவு செய்திருந்த படகுப் பயணத்துக்குப் போக முடியவில்லை என்று டிக்கெட்டுகளை எங்களுக்குக் கொடுத்தார். தீவுகளைச் சுற்றி டால்பின், ஆமை, பறவைகள் எல்லாம் பார்க்கிற இரண்டு நாள் பயணம். பழைய மரப்படகு ஒன்றில் சின்னச் சின்ன அறைகள் கட்டி அழகாக மாற்றியிருந்தார்கள். உடன் வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஆளுக்கொரு கேமரா, அதில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். எங்கள் கையில் எலுமிச்சை சாதமும் முறுக்கு டப்பாவும்.

முதல் நாளே டால்பின்கள் வந்துவிட்டன. படகு கிளப்பிய அலையில் விழுந்து எழுந்து கூடவே ஓடி வந்தன. மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏ! அந்தா! அந்தா குதிக்கி!" என்று கத்தினார். விடுதியில் மூன்று மாடிக்கும் கேட்கிற குரல் அது. படகிலிருந்த எல்லோரும் டால்பினை விட்டுவிட்டு மதினியைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் எதையும் பார்க்கவில்லை. குமட்டலுக்கு மாத்திரை போட்டுவிட்டு அறையில் தூங்கினார். இரண்டு நாளும் அவர் பார்த்ததில் முக்கால்வாசி தலையணைதான்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலையாளி, நரைத்த தாடிக்காரர். மறுநாள் போகப்போகிற தீவைப் பற்றி அவர் அன்று மாலை சொன்னார். அந்தத் தீவின் பாறை எரிமலைக் குழம்பு இறுகி உண்டானதாம். பூமிக்கு அடியில் கிடந்த அதை, உப்பு மலை ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டு வந்து கடலுக்கு வெளியே வைத்திருக்கிறதாம். அதன் மறுபக்கம் ஆயிரக்கணக்கில் நீர்க்காகங்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன. நாம் இந்தப் பக்கக் கரையில் மட்டும்தான் இறங்கலாம். நடுவில் இருக்கும் மேட்டில் ஏறவே கூடாது. மனிதரைக் கண்டால் தாய்ப்பறவைகள் மொத்தமாகப் பறந்துவிடும், அதற்காகவே காத்திருக்கும் கடற்புறாக்கள் குஞ்சுகளைத் தூக்கிவிடும் என்றார். ஆங்கிலத்தில் சொன்னதை நான் மதினிக்குச் சொன்னேன். "உம்" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை இரண்டு ரப்பர் படகுகளில் எங்களைக் கரையில் இறக்கினார்கள். புடவையோடு ஏறி இறங்க முடியாது என்பதால் மதினி என்னுடைய சுடிதாரைப் போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாம். அதன்மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் வேறு. கணவர் வழக்கம்போலத் தூக்கம்.

கரையெல்லாம் அடுப்புக்கரி நிறத்தில் பாறை. இடையிடையே சிவப்பும் ஊதாவுமாகக் கோடுகள். வெயில் பட்ட இடத்தில் உப்பு மினுங்கியது. ஒரு பாறை உச்சியில் கழுகு மாதிரி ஒரு பறவை காலுக்கடியில் மீனை வைத்துக்கொண்டு எங்களை அலட்சியமாகப் பார்த்தது. எல்லோரும் அதைப் படம் எடுக்கிற நேரத்தில் மதினி என் கையைச் சுரண்டினார். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒதுங்க வேண்டும்.

வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். "ஆம்பளையாள்ட்ட போயி இத எப்படிச் சொல்ல? வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனோம். "இங்கன வேண்டாம், அந்த மனுசன் வச்சிருக்க கேமரா அடுத்த ஊரையே பாக்கும்" என்றார். இன்னொரு பாறை. அதுவும் சரிப்படவில்லை. வளைவு தாண்டி, ஒரு குகை மாதிரி இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி வந்தபோது கரையில் யாருமே இல்லை. இரண்டு ரப்பர் படகுகளையும் பெரிய படகில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மற்றப் படகில் ஏறியிருப்போம் என்று இரண்டு ரப்பர் படகுக்காரர்களுமே நினைத்திருக்கிறார்கள். நாங்கள் கத்தினோம். மதினியின் குரல்கூட அந்த இன்ஜின் சத்தத்தில் எடுபடவில்லை. படகு மெதுவாகத் திரும்பி, தீவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக ஆரம்பித்தது.

கிளினிக்கில் ரத்தத்தைப் பார்த்து நான் பதறியதே இல்லை. அன்று பதறிவிட்டேன். போனில் சிக்னல் இல்லை. பையில் அரை பாட்டில் தண்ணீர். ஒரே ஒரு யோசனைதான் வந்தது. மேட்டில் ஏறிவிட்டால் மறுபக்கம் போகிற படகிலிருந்து எங்களைப் பார்த்துவிடுவார்கள். விறுவிறுவென்று ஏறத் தொடங்கினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே போனபோது கருவாட்டு நாற்றம் மூக்கைப் பிளந்தது. இரண்டு பாறைகளுக்கு இடையிலிருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். தரையே தெரியாமல் கறுப்புப் பறவைகள். அவற்றின் காலடியில் சாம்பல் நிறப் பஞ்சு போலக் குஞ்சுகள், வாயைத் திறந்துகொண்டு. ஓரத்தில் ரேஷன் கடை திறக்கக் காத்திருக்கிற மாதிரி கடற்புறாக்கள்.

"ஏட்டி, நில்லு!"

பின்னாலிருந்து மதினி என் சுடிதாரைப் பிடித்து இழுத்தார்.

"மதினி, படகு போயிரும்."

"போனா திரும்பி வரும். நாம ரெண்டு பேரும் பெரிய மனுசிய, ஒரு நேரம் வெயில்ல கெடந்தா செத்தா போவோம்? நீ அங்கன தலையக் காட்டுனா அம்புட்டுப் பிள்ளையும் போயிரும்லா. நேத்து நீதான எனக்குச் சொன்ன?"

நான் தூரத்தில் படகைப் பார்த்தேன். அது தெரிந்தது, நாங்கள்தான் அதற்குத் தெரியவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். அழுகை வந்துவிட்டது. மதினி சுடிதாரை விடவில்லை. படகு சின்னதாகி, வெயிலில் கரைந்து போகிறவரை அப்படியே நின்றோம். அப்புறம் சத்தம் காட்டாமல் கீழே இறங்கினோம்.

கீழே வந்த பிறகுதான் உறைத்தது, அவர் என்னை ஏட்டி என்று கூப்பிட்டதும் நீ என்று பேசியதும். எங்கள் பக்கம் சொந்தப் பிள்ளையையும் தங்கச்சியையும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

லைஃப் ஜாக்கெட்டுகளைக் கழற்றிக் கரையோரக் கறுப்புப் பாறையில் விரித்து வைக்கலாம் என்றேன். கறுப்பில் ஆரஞ்சு நன்றாகத் தெரியும். காற்றில் பறக்காமல் இருக்க மதினி கல் பொறுக்கி வைத்தார். குனிந்து நிமிர்ந்தவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, விரல்கள் நடுங்கின. அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, குமட்டலாக இருக்கிறது என்று சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த நிமிஷம் என் பதற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரை நிழலுக்கு இழுத்துவந்து சாய்த்து உட்கார வைத்துவிட்டு, ஒரு மிட்டாயாவது இருக்காதா என்று என் பையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினேன். ஒன்றுமில்லை.

"என் பர்சுல பாரு" என்றார் மெதுவாக.

திறந்தால் உள்ளே சர்க்கரைப் பொட்டலங்கள். காபிக்குப் போட்டுக்கொள்ள வைப்பார்களே, அந்தச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், பர்ஸ் மூட முடியாத அளவுக்கு.

"டீ குடிக்கிற எடத்துல சும்மாதான வச்சிருந்தாவ. ஊருக்குக் கொண்டு போலாம்னு எடுத்துக்கிட்டேன்."

ஒவ்வொன்றாகக் கிழித்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தபடி இருந்த என் கையை அவர் விடவே இல்லை. அப்படியே கேட்டார்:

"இப்படியெல்லாம் பாத்துக்கிடத் தெரிஞ்ச பிள்ளை, ஏன் எனக்கு ஒரு போன்கூடப் பண்ண மாட்டேங்கிற?"

"உங்களுக்குத்தான மதினி என்கூடப் பேசப் பிடிக்காது? நான் அவரைக் கூட்டிட்டு வந்துட்டேன்னு கோவம். போன் பண்ணாத, அக்கா ஏதாவது சொல்லிருவான்னு அவர்தான் சொன்னார்."

"எவன் சொன்னான்? கடை வேண்டாம், அவகூடப் போடான்னு சொன்னதே நான்தாம்ட்டி! ஒனக்கு ஓயாத டூட்டி, போன் பண்ணுனா எரிச்சல்படுவ, பண்ணாதீங்கக்கான்னு எங்கிட்டச் சொன்னான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பொம்பளைகள் பேச ஆரம்பித்தால் எங்கே சண்டை வருமோ, நடுவில் தன் தலை உருளுமோ என்று பயந்து, அந்த மனிதர் இத்தனை வருடமாகப் பேசவே விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அனுப்பச் சொன்ன வாழ்த்துகள் அங்கே போகவில்லை. மதினி ஊரிலிருந்து கொடுத்துவிட்ட வடகத்தைக்கூட "பக்கத்து வீட்டுல கொடுத்தாங்க" என்று சொல்லி என்னிடம் பொரிக்கக் கொடுத்திருக்கிறார்.

"அந்த வடகம் நீங்க போட்டதா?"

"பின்ன? ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னியாட்டி நீ?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அத்துவானக் கடல் நடுவே, கரி மாதிரி ஒரு பாறையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் பேசினோம், பேசினோம், அப்படிப் பேசினோம். விடுதிப் பெண்கள் சுவரேறிக் குதித்தது, என் முதல் டூட்டியில் நான் அழுதது, அவர் கணவரின் குறட்டை, என் கணவரின் குறட்டை. மறுபடியும் பயம் எட்டிப் பார்த்தபோதெல்லாம் ஆளுக்கொரு சர்க்கரைப் பொட்டலம். பாட்டிலில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்து, நிழல் காலடிக்குச் சுருங்கிய நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். சாப்பாட்டு மணி அடித்ததும் என் கணவர் எழுந்து வந்து எங்களைத் தேடியிருக்கிறார். படகு முழுக்கத் தேடியும் காணாததும் ஒரே அலறல். படகைத் திருப்பியிருக்கிறார்கள். தூரத்திலிருந்தே அந்த இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகளைக் கண்டுபிடித்தது, மதினி பயந்து ஒளிந்தாரே, அந்தக் கேமராதான்.

ரப்பர் படகு கரை தொடும் முன்பே கணவர் தண்ணீரில் குதித்து முழங்கால் ஆழத்தில் ஓடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நாங்கள் இருவரும் அவரைப் பார்த்ததும் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தாராம்.

"தம்பி, வா. வடகம் எந்தப் பக்கத்து வீட்டுல கொடுத்தாவ?" என்றார் மதினி.

அந்த முகத்தைப் படம் எடுக்காமல் விட்டோமே என்று இன்றைக்கும் எங்களுக்கு வருத்தம்தான்.

வழிகாட்டி கையெடுத்துக் கும்பிட்டு, "சேச்சி, என் தப்புதான், மன்னிக்கணும்" என்று கண் கலங்கினார். சொல்லாமல் போனது எங்கள் தப்பும்தான் என்றேன். மதினி அப்படி லேசில் விடவில்லை. "எங்க விடுதியில தெனமும் ரெண்டு தடவ பிள்ளைகள எண்ணாம கதவ அடைக்க மாட்டேன். ஆளக் கணக்குப் பாத்து ஏத்துங்க, என்னா?" என்று வார்டன் குரலில் சொன்னார். மேட்டில் ஏன் ஏறவில்லை என்று அவர் கேட்டபோது, "பிள்ளைங்க கெடக்குன்னு நீங்கதான சொன்னீங்க" என்று மட்டும் பதில் வந்தது. அவர் அதை ஆங்கிலத்தில் மற்றவர்களிடம் சொல்ல, படகில் ஏறும்போது எல்லோரும் கைதட்டினார்கள். மதினிக்கு வெட்கம் தாங்கவில்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பயணம் முடியும்வரை நாங்கள் இருவரும் என் கணவரோடு பேசவில்லை. சும்மாதான். அஜ்மானுக்குத் திரும்பியதும், படகு தீவைச் சுற்றி வந்தபோது எடுத்த படங்களை அந்தக் கேமராக்காரர் அனுப்பியிருந்தார். குஞ்சுகள் எல்லாம் அப்படியே வாயைத் திறந்துகொண்டு இருந்தன. மதினி அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.

இப்போது வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை நாங்கள் பேசுகிறோம். சில நேரம் சண்டையும் வரும், போனைப் படக்கென்று வைத்துவிடுவார், அடுத்த வாரம் அவரே கூப்பிடுவார். யாராவது வந்து இன்னொருவரைப் பற்றி "அவங்க அப்படி நினைக்கிறாங்க" என்று என்னிடம் சொன்னால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி, நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, அந்த இன்னொருவரிடமே நேராகப் போய்க் கேட்டுவிடுகிறேன்.