எங்கள் சீட்டுக்கு நாங்களே போட்டி

கண்டுபிடித்துவிட்டேன்! எங்கள் ஆப் ஒரு வாரமாக ஆட்களைத் தானாக லாக்அவுட் செய்துகொண்டிருந்ததே, அதற்கான காரணம் இன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது.

கடலூர் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேர் சீட்டைப் பிடித்தேன்.

பின்வாசலில் ஏறிய என் மச்சான், யாருடைய துண்டோ என்று அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் பையை வைத்தான். முன்வாசலில் ஏறிய என் மனைவி அந்தப் பையைத் தள்ளிவிட்டுக் குடையை வைத்தாள்.

விஷயம் புரிந்ததும் கத்தினாள்: "ஒருத்தர் துண்டு போட்டா மத்த ரெண்டு பேரும் சும்மா நிக்கக் கூடாதா?"

அட! எங்கள் நிரலிலும் இதே கூத்துதான். ஆளை உள்ளே இருக்க விடும் அனுமதிச் சீட்டான லாகின் டோக்கன் காலாவதியானதும், ஆப்புக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் எல்லாம் தனித்தனியாகப் போய்ப் புது டோக்கன் வாங்கின. ஒன்று புதிதாக வாங்கியதும், இன்னொன்று வாங்கி வைத்திருந்தது செல்லாமல் போய், ஆப் ஆளை வெளியே தள்ளியது.

பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். இனி முதலில் போகும் வேலை துண்டு போடும். மற்றவை காத்திருந்து, அது வாங்கிவரும் டோக்கனையே எடுத்துக்கொள்ளும். ஓட்டிப் பார்த்தேன். ஒருவர்கூட வெளியே விழவில்லை!

பெருமையாக மச்சானிடம் விளக்கினேன்.

"எல்லாம் சரி மாமா, துண்டு போட்ட ஆளு பாதியிலயே எறங்கிப் போயிட்டா? மத்தவங்க கடைசி வரைக்கும் நின்னுக்கினே வரணுமா?"

டோக்கன் வாங்கப் போன வேலை பாதியில் நின்றுபோனால், மற்றவை காத்துக்கொண்டேதான் இருக்கும்! மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்திருக்கிறேன். பதில் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். கடலூர் வருவதற்குள் மச்சானிடம் தோற்றுவிடக் கூடாது.