சம்பூர்ணம் அக்கா கேட்ட இருக்கை

சம்பூர்ணம் அக்காவுக்குக் கோபம் கையில் வரும். கும்மிடிப்பூண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் ஆபரேட்டர், நான் பில் எழுதும் குமாஸ்தா. போர்டில் அவர் இணைப்பு வயரைச் செருகும் சத்தத்தை வைத்தே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். எழுபத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலம் முழுக்க அந்தச் சத்தம் ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

அவருக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, கயல்விழி. கணவர் அருணகிரி டாக்சி ஓட்டினார். தினமும் காலையில் பொன்னேரிக்குக் காலியாகப் போய், அங்கிருந்து தொழிற்சாலை என்ஜினியர்களை ஏற்றி வருவது அவருக்கு நிரந்தரச் சவாரி. அக்காவின் மூத்த சகோதரி செல்லியம்மாள் பொன்னேரியில் இருந்தார். அக்கா டியூட்டிக்குக் கிளம்பியதும் அருணகிரி குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு போய் அவரிடம் விடுவார்.

போட்டுக்கொண்டு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அம்பாசடரின் முன்சீட்டு ஒரே நீள மெத்தை. அதில் ஒரு தலையணை, தலையணைமேல் குழந்தை. பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கியர் ஸ்டீயரிங்கின் கழுத்தில் இடது கைப்பக்கம் இருக்கிறது. குழந்தையும் இடது கைப்பக்கம்தான். பிரேக் அடிக்கும் நொடியில் அந்த ஒரு கை யாருக்கு?

தச்சூர் கூட்டுரோட்டில் ஒருநாள் மாட்டுவண்டி குறுக்கே வந்தது. கை கியருக்குப் போயிற்று. குழந்தை காலடியில் உருண்டு விழுந்தது. நெற்றியில் பெரிய புடைப்பு.

அன்று சாயங்காலம் அருணகிரியின் அண்ணன் வீரராகவன் வந்துவிட்டார். அக்கா வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். கீழே பேசுவது எல்லாம் காதில் விழும்.

"பேசாம வேலைய உட்டுடும்மா. புள்ளய பாத்துக்கினு ஊட்ல இரு. உன்ன நம்பியா கவர்மென்ட் டெலிபோன் உட்டுக்கினு கீது?"

"மாமா, வண்டி ஓட்னது உங்க தம்பி. உழுந்தது என் புள்ள. வேலைய உடறது மட்டும் நானா?"

"இன்னா பேச்சு பேசறா பாருடா இவ."

"புள்ளைக்கு வண்டில ஒரு நல்ல சீட்டு வேணும். அதப் பேசுங்க. என் வேலையப் பேசாதீங்க."

அவர் கேட்டதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. கல்கத்தா ரோட்டில் எது நடந்தாலும் போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் பேச்சு அவர் கை வழியாகத்தான் போகும். லாரி, வண்டி, எத்தனை பேர், உயிர் இருக்கிறதா. மற்றவர்கள் மறுநாள் கேள்விப்படுவதை அவர் அந்த நிமிஷமே கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவியைச் சமாதானப்படுத்த அருணகிரி மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு சீமை நாற்காலி வாங்கி வந்தார். சீட்டின் முதுகில் இரண்டு கொக்கியால் மாட்டுவது. குழந்தை விளையாட முன்னால் ஒரு குட்டி ஸ்டீயரிங்கூட இருந்தது.

"ஷோக்கா கீதில்ல?"

அக்கா அதைக் காரில் மாட்டி, ஒரு கையால் இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"இது வேடிக்கை பாக்கற நாற்காலி. பிரேக்கு போட்டா நாற்காலியோட பறக்கும் புள்ள."

நாற்காலி தெருவில் போய் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அடுத்தது மோசஸ். சர்ச் தெருவில் தச்சுப்பட்டறை வைத்திருந்தார். நாற்காலி, பெஞ்சு செய்வார். சாவு விழுந்தால் சவப்பெட்டியும் அவர்தான். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்க வந்த நேரம் அக்கா டியூட்டியில் இருந்தார். அருணகிரியோடு வீட்டில் இருந்தது வீரராகவன்.

"பொணத்த அளக்கற டேப்ப எங்கூட்டுப் புள்ள மேல வெப்பியா? கண்ணால பாத்து செய்யி. வளர்ற புள்ள, தாராளமா செய்யி. மூணு வயசு வரிக்கும் ஒக்காரட்டும்."

அருணகிரியும் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு எதையும் அளவாக வாங்குவதில்லை. கவுன் கணுக்கால் வரைக்கும் தொங்கும். ஷூவின் நுனியில் பஞ்சு அடைத்திருக்கும். வளர்ந்து நிரப்பிக்கொள்ள வேண்டியது குழந்தையின் பாடு.

தேக்கில் செய்த இருக்கை வந்தது. வார்னிஷ் மினுக்க, இரண்டு பக்கமும் கைபிடி, இடுப்புக்குத் தோல் வார். "ராணியாட்டம் ஒக்காரப் போறா" என்றார் அருணகிரி. அக்கா குழந்தையை உட்கார வைத்துப் பார்த்தார். தாம்பாளத்தில் வைத்த எலுமிச்சம்பழம்போல் குழந்தை ஒரு மூலைக்குச் சரிந்தது.

அக்கா குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தலையணை உறையில் அரிசி கொட்டி, இடுப்பில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கொட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். குழந்தையின் கனம் அவர் இடுப்புக்குத் தெரியும். முன்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த இருக்கையில் மூட்டையை வைத்து வாரை இறுக்கினார்.

"வண்டிய எடுங்க. மாமா, நீங்களும் ஏறுங்க. தம்பி, நீயும் வா. நான் சொன்னா பொய்யின்னுவாங்க" என்று மாடிப்படியில் நின்ற என்னையும் கூப்பிட்டார்.

ஏரிக்கரைப் பக்கம் ரோடு வெறிச்சென்று இருந்தது. வண்டி வேகமெடுத்ததும் அக்கா பின்சீட்டிலிருந்து, "பிரேக்கு" என்றார். அருணகிரி மெல்ல அழுத்தினார்.

"லாரி வந்தா இப்பிடித்தான் தடவிக் குடுப்பியா? மெறிய்யா!"

அக்கா கணவரை ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அருணகிரி மறுபடியும் வேகமெடுத்து ஓங்கி மிதித்தார். மூட்டை வாருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய் டேஷ்போர்டில் மோதிக் கிழிந்தது. அரிசி அருணகிரியின் கால்மேல் கொட்டியது. இருக்கை அசையாமல் அழகாக அப்படியே இருந்தது.

இன்ஜின் நின்றுபோயிருந்தது.

"பொறுக்குங்க" என்றார் அக்கா. "உங்க பொண்ணுதான். பொறுக்கி எடுங்க."

வீரராகவன் அபசகுனம் என்று ஏதோ ஆரம்பித்தார். அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். வீரராகவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தே ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா மோசஸ் பட்டறைக்குப் போனார். குடையும் பையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சுவரோரம் பாதி முடிந்த பெட்டி ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அக்கா அதைப் பார்க்காமல் இல்லை. மோசஸின் கழுத்தில் கிடந்த டேப்பை அக்கா இழுத்து எடுத்தார்.

"எம்மா, வேணாம்மா. பொணத்த அளந்த டேப்பும்மா."

"இருந்தா இன்னா? செத்தவங்களுக்கு மட்டும் சரியா அளவு எடுப்பீங்க, உசுரோட கீறவளுக்குக் கண்ணளவாண்ணே?"

இடுப்பு, முதுகு, தொடை. அக்கா அளந்து சொல்ல, மோசஸ் பலகையிலேயே குறித்துக்கொண்டார். குழந்தை டேப்பின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தது.

வாருக்காக அருணகிரியோடு ஒரு சண்டை மிச்சம் இருந்தது.

"வருசா வருசம் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பாக்கப் போறீங்களே, அவனுங்க எப்டிக் கட்டிக்கினு ஒக்கார்றானுங்க?"

"ரெண்டு தோள்ல, இடுப்புல, கால் நடுவுல ஒண்ணு" என்றார் அருணகிரி.

"தெரிஞ்சிக்கினே என் புள்ளய தலாணி மேல போட்டுக்கினு போனீங்களா?"

அருணகிரி பழைய மிலிட்டரிச் சாமான் கடையில் பட்டை வாங்கி வந்து தைத்தார். இருக்கையைக் காரின் தரையில் போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும் என்று அக்கா சொன்னபோதுதான் அவருக்குக் குரல் கொஞ்சம் எழுந்தது.

"வண்டில ஓட்ட போடறதா?"

"வண்டில போட்டா அடச்சிக்கலாம். புள்ள மண்டைல உழுந்தா?"

ஓட்டை போட்டார்கள். குழந்தை சரியாக அடங்கிய இருக்கை. வீரராகவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல் பெற்ற பிள்ளையைக் கட்டி அனுப்புகிறாள் என்று. அக்கா தினமும் சரியான நேரத்துக்கு டியூட்டிக்கு வந்தார்.

பங்குனியில் ஒரு காலை, தச்சூரிலிருந்து போன். அருணகிரி. மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது, அக்கா ஹெட்போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்ததில் எனக்கே கேட்டது.

"லாரி... குறுக்க வந்துட்டான். ஒரே மெறி. என் தலதான் கண்ணாடில இடிச்சிது. புள்ள வெச்ச எடத்துலயே இருந்தா. இப்ப என் இடுப்புலதான் கீறா. ஆனா கத்தறா, நிறுத்தவே மாட்றா."

அவர் குரலுக்குப் பின்னால் அந்தக் கத்தல் வந்தது. பயந்த அழுகையாக இல்லை. யாரையோ வையும் அழுகை.

"கத்தட்டும். தோள்பட்டைல வார் பட்ட எடம் செவந்து கீதா பாருங்க."

"...லேசா கீது. அழுத்தி கீது."

"அப்ப சீட்டு பத்தல. வளந்துட்டா. சாயங்காலம் மோசஸண்ணன வரச் சொல்லுங்க, டேப்போட."

"மறுபடியுமா?"

அக்கா வயரைப் பிடுங்கிவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மறுபடியுமான்னு கேக்கறார் தம்பி அந்த மனுசன். தலைய இடிச்சிக்கினும் புத்தி வரல பாரு. வளர்ற வரிக்கும் அளக்கத்தான் வேணும்."